விலகல் கடிதமா, விடுப்புக் கடிதமா: 13,460 டாலர் பில் என் பெயருக்கு வந்த கதை

2023 மார்ச் 11, சனிக்கிழமை அதிகாலை மூன்று மணிக்குத் தஞ்சாவூரிலிருந்து தம்பி அழைத்தான். "அக்கா, அப்பாவுக்கு மூணு இடத்துல அடைப்பு இருக்காம். புதன்கிழமை பைபாஸ் பண்ணிடலாம்னு டாக்டர் சொல்றார். நீ வந்துட்டா அம்மாவுக்குத் தைரியமா இருக்கும்" என்றான். அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியிலுள்ள ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் வேதியியல் முனைவர் பட்டப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நான் அப்போது இருந்தேன். வாரம் 20 மணி நேரம் இளநிலை மாணவர்களுக்கு ஆய்வக வகுப்பு எடுப்பதும் அவர்களுடைய அறிக்கைகளைத் திருத்துவதும் என் வேலை. அதற்கு மாதம் 1,980 டாலர் சம்பளமும், அதைவிடப் பெரிய சலுகையாக டியூஷன் வேவர் என்று எல்லோரும் சொல்லும் கல்விக் கட்டண விலக்கும் கிடைத்தன. அந்த விலக்கு எதனோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதை ஒன்றரை ஆண்டுகளாக நான் ஒரு முறைகூட யோசித்துப் பார்த்ததில்லை. அதற்கு நான் கொடுத்த விலையையும், என் இடத்தில் இன்னொருவர் இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் வரிசையாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலையிலேயே பாடத்தை ஒருங்கிணைக்கும் பேராசிரியருக்கு எழுதினேன். அவர் மிகுந்த கனிவோடு, "உடனே கிளம்புங்கள், வகுப்புகளை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்று பதிலளித்தார். ஞாயிற்றுக்கிழமை மாலை, சிகாகோ ஓஹேர் விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தபோது துறை அலுவலகத்திலிருந்து மின்னஞ்சல் வந்தது. என் வகுப்புகளுக்கு வேறொருவரை நியமிக்க வேண்டும் என்றும், இணைத்திருக்கும் படிவத்தில் கையொப்பமிட்டால்தான் அவருக்குச் சம்பளம் போட முடியும் என்றும், இது வெறும் நடைமுறைதான் என்றும் அதில் எழுதியிருந்தது. கைப்பேசியில் படிவத்தைத் திறந்தேன். காரணம் என்ற இடத்தைத் தொட்டால் ஒரு பட்டியல் விரிந்தது: பட்டம் பெற்றுவிட்டேன், வேறு துறைக்கு மாறுகிறேன், சொந்த விருப்பத்தில் விலகுகிறேன், மற்றவை. அதில் விடுப்பு என்ற சொல்லே இல்லை. விமானத்துக்கு அழைப்பு வந்துவிட்டது. மூன்றாவதைத் தேர்ந்தெடுத்து, விரல் நுனியால் கையொப்பமிட்டு அனுப்பிவிட்டு எழுந்தேன். எல்லாமாகச் சேர்த்து ஒரு நிமிடம்கூட ஆகியிருக்காது.

அப்பாவின் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது. நான்கு வாரங்கள் வீட்டில் இருந்துவிட்டு ஏப்ரல் 8 அன்று திரும்பி வந்தேன். ஆய்வு வழிகாட்டியின் அனுமதியோடு போயிருந்ததாலும், அந்தப் பருவத்தில் நான் பதிவு செய்திருந்தவை பெரும்பாலும் ஆய்வுக்கான கிரெடிட்டுகள் என்பதாலும் படிப்புக்கு எந்தப் பாதிப்பும் இல்லை. ஏப்ரல் 17, திங்கட்கிழமை, இலையுதிர் பருவத்துக்குப் பாடம் பதிவு செய்யக் கணக்கைத் திறந்தபோது பக்கத்தின் மேலே சிவப்பு நிறத்தில் ஒரு தடை அறிவிப்பு நின்றது. கீழே கட்டண விவரத்தில், ஜனவரியில் கழித்தல் குறியோடு இருந்த கட்டண விலக்கு, மார்ச் 27 தேதியிட்டுக் கூட்டல் குறியோடு இன்னொரு முறை வந்திருந்தது. வெளிநாட்டு மாணவருக்கான முழுக் கட்டணமாகிய 13,460 டாலரையும் நான் கட்ட வேண்டுமாம். தாமதக் கட்டணம் மாதம் ஒன்றரை சதவீதம் தனி. அன்றைய மதிப்பில் அது சுமார் பதினொரு லட்சம் ரூபாய். ஏதோ கணினிப் பிழை என்று நினைத்துக் கணக்குப் பிரிவை அழைத்தேன். மறுமுனையில் இருந்தவர் பொறுமையாக விளக்கினார்: பருவத்துக்கான நியமனம் ஜனவரி 9 முதல் மே 8 வரை 120 நாட்கள், அதில் நான்கில் மூன்று பங்கு, அதாவது 90 நாட்கள் பணியில் இருந்தால்தான் விலக்கு நிலைக்கும், நான் மார்ச் 12-ல் விலகியதால் என் கணக்கில் 63 நாட்கள்தான். இருபத்தேழு நாட்கள் குறைவு. போனை வைத்த பிறகு நெடுநேரம் கை நடுங்கிக்கொண்டே இருந்தது. அப்பா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து மூன்று வாரம்கூட ஆகவில்லை. சிகிச்சைக்காக அம்மாவின் நகைகள் ஏற்கெனவே வங்கியில் அடகில் இருந்தன. அவர்களிடம் இதை எப்படிச் சொல்வது?

இங்கே ஒரு விஷயத்தை நிறுத்திச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நம் ஊரிலிருந்து வருகிறவர்கள் பலரும் இதைத் தவறாகவே புரிந்துகொண்டிருக்கிறார்கள். கட்டண விலக்கு என்பது மதிப்பெண்ணைப் பார்த்துத் தரும் ஸ்காலர்ஷிப் போன்றதன்று. அது பணி நியமனத்தின் நிழல். நியமனம் நகர்ந்தால் அதுவும் நகரும். ஆகவே நியமனக் கடிதம் வந்ததும் சம்பளத்தை மட்டும் பார்க்காமல் நான்கு விஷயங்களைத் தேடிப் பாருங்கள். நியமனம் எத்தனை சதவீதம்? பல பல்கலைக்கழகங்களில் 25 சதவீதத்துக்குக் குறைந்தால் விலக்கே கிடையாது. எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, குறைந்தது எத்தனை நாள் பணியில் இருக்க வேண்டும்? விலக்கு முழுக் கட்டணத்துக்கா, மாநில மாணவர்களுக்கான அடிப்படைக் கட்டணத்துக்கு மட்டுமா? கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் வெளி மாநிலங்களிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் வரும் முதுநிலை, முனைவர் பட்ட மாணவர்களுக்கு ஆண்டுக்கு 15,102 டாலர் கூடுதல் கட்டணம் இருந்தது. 2022 நவம்பரில் சுமார் 48,000 கல்விப் பணியாளர்கள் அங்கே வேலைநிறுத்தம் செய்தபோது அதை நீக்குவதும் ஒரு கோரிக்கையாக இருந்தது. நான்காவது, நீங்கள் சேர்ந்திருக்கும் படிப்பு இந்த விலக்கை ஏற்கும் படிப்புதானா? சுயநிதி முதுகலைப் படிப்புகள் பலவற்றில், வேறு துறையில் உங்களுக்கு டி.ஏ. எனப்படும் கற்பித்தல் உதவியாளர் வேலை கிடைத்தாலும் விலக்கு பொருந்தாது. என் அறைத்தோழிக்கு இப்படித்தான் நடந்தது: சம்பளம் வந்தது, விலக்கு வரவில்லை. அது போக, விலக்கு முழுமையாகக் கிடைத்தாலும் பருவந்தோறும் வேறு பெயர்களில் வரும் கட்டணங்களை நாம்தான் கட்ட வேண்டும். எனக்கு அது எழுநூறு டாலரைத் தொடும்.

செவ்வாய், புதன் இரண்டு நாட்களும் அலுவலகம் அலுவலகமாக அலைந்தேன். துறை அலுவலகத்தில், கையொப்பம் நீங்கள் இட்டதுதானே என்று கேட்டார்கள். மனிதவளப் பிரிவில், கூட்டாட்சி அரசின் 1993-ஆம் ஆண்டுக் குடும்ப மருத்துவ விடுப்புச் சட்டத்தைப் பற்றிக் கேட்டேன். அந்தச் சட்டம் பன்னிரண்டு வார விடுப்பைப் பாதுகாக்கிறது என்றாலும், முந்தைய 12 மாதங்களில் குறைந்தது 1,250 மணி நேரம் வேலை செய்தவருக்கே அது பொருந்தும். வாரம் 20 மணி நேரம் வீதம் இரண்டு பருவங்களையும் கூட்டினால் என் கணக்கு 720 மணி நேரத்தைத் தாண்டவில்லை. மாணவர் விசாவில் பருவ காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யவே அனுமதி இல்லாதபோது, 1,250-ஐ எட்டுவது எங்களைப் போன்றவர்களுக்குக் கிட்டத்தட்ட நடக்காத காரியம். அரை நேரப் பணியாளர்களான எங்களுக்குச் சட்டம் விட்டுவைத்திருக்கும் இந்த இடைவெளியை நிரப்பக்கூடியது எங்கள் பணியாளர் சங்கம் பல்கலைக்கழகத்தோடு செய்துகொண்ட கூட்டு ஒப்பந்தம் ஒன்றுதான் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களும் அதைச் சொல்லவில்லை.

வியாழக்கிழமை பக்கத்து ஆய்வகத்தில் இருக்கும் மதுரைக்கார அக்கா ஒருவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு என்னவென்று கேட்டார். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன். "நீ யூனியனுக்குப் போனியா?" என்றார். நான் சங்கத்தில் உறுப்பினர் இல்லை. மாதம் 35 டாலர் சந்தாவை மிச்சம் பிடிக்கலாம் என்று முதல் ஆண்டிலேயே மறுத்திருந்தேன். 2018-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய ஜேனஸ் தீர்ப்புக்குப் பிறகு, அரசு நிறுவனங்களில் சங்கத்தில் சேராதவரிடம் எந்தத் தொகையும் பிடிக்க முடியாது. ஆனால் ஒப்பந்தம் அவரையும் சேர்த்தே காக்கும், சங்கமும் அவருக்காகப் பாரபட்சமின்றி வாதாட வேண்டும். எந்த முகத்தோடு போய் நிற்பது என்று தயங்கிய என்னை அக்காதான் கையைப் பிடித்து அழைத்துப் போனார்.

சங்க அலுவலகம் வளாகத்தை ஒட்டிய ஒரு பழைய கட்டடத்தின் இரண்டாம் மாடியில் ஒற்றை அறை. சங்கப் பிரதிநிதியாக இருந்தவர் வரலாற்றுத் துறையில் ஆறாம் ஆண்டு ஆய்வு மாணவி. நீ உறுப்பினரா என்று அவர் கேட்கவில்லை. "எந்தத் தேதியில் கையொப்பமிட்டீர்கள்?" என்பதுதான் முதல் கேள்வி. சுவரில் இருந்த நாள்காட்டியை எடுத்து மேசையில் வைத்து, மார்ச் 13 தொடங்கி ஒவ்வொரு வேலை நாளாகப் பென்சில் முனையால் தொட்டு எண்ணினார். எங்கள் ஒப்பந்தப்படி ஒரு நிகழ்வு நடந்த அல்லது தெரியவந்த நாளிலிருந்து முப்பது வேலை நாட்களுக்குள் முறையீடு பதிவாக வேண்டும். பில்லைப் பார்த்த நாளிலிருந்து எண்ணலாம் என்று வாதிடலாம்தான். ஆனால் நான் கையொப்பமிட்ட நாளிலிருந்து நிர்வாகம் எண்ணினால் முப்பதாவது நாள் ஏப்ரல் 21, வெள்ளிக்கிழமை, அதாவது மறுநாள். "அந்த வாதத்துக்கே இடம் கொடுக்க வேண்டாம், இன்றிரவே எழுதிவிடுவோம்" என்றார். பிறகு ஒப்பந்தப் புத்தகத்தைப் பிரித்து விடுப்புப் பிரிவில் ஒரே ஒரு சொல்லின் கீழ் கோடு போட்டார். பெற்றோர், துணைவர், குழந்தை ஆகியோரின் கடும் நோய்க்காக 13 வேலை நாட்கள் ஊதியத்துடன் கூடிய விடுப்பும், அதற்கு மேல் ஊதியமில்லா விடுப்பும் கோரினால் பல்கலைக்கழகம் வழங்கும் என்ற இடத்தில் "ஷால்" என்ற ஆங்கிலச் சொல் இருந்தது. "மே" (may) என்று இருந்திருந்தால் தருவதும் மறுப்பதும் அவர்கள் விருப்பம்; "ஷால்" என்றால் தந்தே ஆக வேண்டும். பக்கத்திலேயே, அப்படிப்பட்ட விடுப்பில் இருக்கும் நாட்கள் கட்டண விலக்குக்கான பணி நாட்களாகவே கணக்கிடப்படும் என்ற வரி. இந்த இரண்டு வரிகள் எனக்காக ஒன்றரை ஆண்டுகளாக அங்கேயே இருந்திருக்கின்றன. நான் அந்தப் புத்தகத்தைத் திறந்ததே இல்லை. பில் வந்த நாளைவிட அந்த நிமிடத்தில்தான் எனக்கு நெஞ்சு அதிகம் வலித்தது.

முறையீட்டில் எங்கள் வாதம் எளிமையானது. சனிக்கிழமை நான் பேராசிரியருக்கு அனுப்பிய மின்னஞ்சலில் அப்பாவின் அறுவை சிகிச்சையையும் நான்கு வாரத்தில் திரும்பி வருவதையும் தெளிவாக எழுதியிருந்தேன். அது விடுப்புக் கோரிக்கையேயன்றி வேறில்லை. விடுப்பு என்ற தேர்வே இல்லாத படிவத்தை அனுப்பி அதை விலகலாக மாற்றியது ஒப்பந்த மீறல். நான் விடுப்புக் கேட்டதற்கு எங்களிடம் இருந்த ஒரே சான்று அந்த மின்னஞ்சல்தான். அன்று அவசரத்தில் பேராசிரியரைப் போனில் அழைத்துச் சொல்லியிருந்தால் இந்த வழக்கே நின்றிருக்காது. எவ்வளவு நெருக்கடியிலும் இரண்டு வரியாவது எழுத்தில் அனுப்புங்கள், திரும்பி வரும் தேதியை அதில் குறிப்பிடுங்கள். விமான டிக்கெட், மருத்துவமனை அனுமதிச் சீட்டு ஆகியவற்றின் நகல்களையும் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு அவை இரண்டாம் கட்ட விசாரணையில் கைகொடுத்தன.

முறையீடு பதிவானதும் பில் நின்றுவிடும் என்று நினைத்தேன்; நிற்கவில்லை. கணக்குப் பிரிவுக்கும் முறையீட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் அவர்கள் தாமதக் கட்டணத்தைச் சேர்த்துக்கொண்டே போனார்கள். இலையுதிர் பருவத்துக்குப் பதிவு செய்யாவிட்டால் விசாவே சிக்கலாகும் என்பதால் நான்கு தவணைத் திட்டத்தில் சேர்ந்தேன். அதற்கு 45 டாலர் நுழைவுக் கட்டணம். முதல் தவணை 3,365 டாலரைக் கட்டத் தம்பி வீட்டுக்குத் தெரியாமல் மூன்று லட்சம் ரூபாய் தனிநபர் கடன் வாங்கி அனுப்பினான். "அப்பாகிட்ட சொல்ல வேணாம்கா, நான் பாத்துக்கறேன்" என்றான். வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் ஆன பையன் அவன். மே 3 அன்று தடை நீங்கியது. ஆனால் கோடைக் கால டி.ஏ. பட்டியல் மே 1-ல் மூடிவிட்டதால் இரண்டு மாதச் சம்பளமான 3,960 டாலர் கைநழுவியது. மே இறுதியில்தான் சங்கம் ஒரு கடிதம் எழுதி, முறையீடு நிலுவையில் இருக்கும்வரை வசூலை நிறுத்திவைக்கச் செய்தது. முதல் நாளே அந்தக் கோரிக்கையைத் தனிக் கடிதமாகக் கணக்குப் பிரிவுக்கு அனுப்பியிருந்தால் தம்பி கடன் வாங்கியிருக்க வேண்டிய தேவையே இருந்திருக்காது என்று நினைக்கும்போது இன்றைக்கும் மனம் ஆறவில்லை.

துறைத் தலைவரிடம் நடந்த முதல் கட்டத்தில் முறையீடு நிராகரிக்கப்பட்டது. பெரும்பாலும் அப்படித்தான் ஆகும், அதைக் கண்டு பின்வாங்கக் கூடாது என்று சங்கத்தில் முன்பே சொல்லியிருந்தார்கள். ஜூனில் இரண்டாம் கட்ட விசாரணை. இடையில் துறையில் ஒருவர் நல்லெண்ணத்தோடு, கோடையில் அலுவலகப் பணி உதவியாளராக ஒரு நியமனம் தருகிறேன், அதற்கும் கட்டண விலக்கு உண்டு என்றார். சங்கத்தில் கேட்டபோது நிதானிக்கச் சொன்னார்கள். கற்பிக்கும் அல்லது ஆராய்ச்சி செய்யும் முதுநிலை, முனைவர் பட்ட மாணவருக்குக் கிடைக்கும் கட்டண விலக்குக்கு அமெரிக்க வருமான வரிச் சட்டத்தின் 117-ஆம் பிரிவு வரிவிலக்கு அளிக்கிறது. நிர்வாகப் பணிக்கு அது பொருந்தாது. அங்கே ஆண்டுக்கு 5,250 டாலருக்கு மேற்பட்ட விலக்கு பொதுவாகச் சம்பளமாகவே கருதப்பட்டு வரி பிடிக்கப்படும். கையில் வராத பணத்துக்கு வரி கட்டும் நிலை அது. 2017 நவம்பரில் அமெரிக்கப் பிரதிநிதிகள் சபை நிறைவேற்றிய வரி மசோதா, கற்பிப்பவர்களுக்கும் இதே நிலையைக் கொண்டுவரப் பார்த்தது. நாடெங்கும் மாணவர்கள் எதிர்த்தார்கள், டிசம்பரில் சட்டமானபோது அந்தப் பகுதி அதில் இல்லை. எந்த வேலைப் பெயரில் விலக்கு வருகிறது என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கோடையில் வேலை இல்லாததால் இந்த உரிமை எப்படி வந்தது என்று நிறையப் படித்தேன். விஸ்கான்சின் மாடிசனில் கற்பித்தல் உதவியாளர்கள் 1966-லேயே சங்கம் அமைத்து, 1970-ல் வேலைநிறுத்தம் செய்து ஒப்பந்தம் பெற்றிருக்கிறார்கள். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் அர்பானா ஷாம்பெய்ன் வளாகத்தில் 2009 நவம்பரிலும் 2018-லும் நடந்த வேலைநிறுத்தங்கள் முக்கியமாக இந்தக் கட்டண விலக்கைக் காப்பதற்காகவே நடந்தவை. நான் ஊருக்குக் கிளம்புவதற்கு முந்தைய மாதத்தில், பிலடெல்பியாவின் டெம்பிள் பல்கலைக்கழகத்தில் வேலைநிறுத்தத்தில் இருந்த உதவியாளர்களுக்கு விலக்கை ரத்து செய்து, மார்ச் 9-க்குள் முழுக் கட்டணத்தையும் கட்டச் சொல்லி பில் அனுப்பியிருந்தார்கள். படிக்கப் படிக்க, 35 டாலரை மிச்சம் பிடித்ததற்காக வெட்கப்பட்டேன். ஜூலையில் உறுப்பினராகச் சேர்ந்தேன்.

செப்டம்பரில், நடுவர் விசாரணைக்குப் போவதற்கு முன்பே நிர்வாகம் சமரசத்துக்கு வந்தது. என் விலகல் நீக்கப்பட்டு, 13 வேலை நாட்கள் ஊதியத்துடன் கூடிய விடுப்பாகவும் மற்றவை ஊதியமில்லா விடுப்பாகவும் மாற்றப்பட்டன. கட்டண விலக்கு முழுமையாகத் திரும்ப வந்தது, தாமதக் கட்டணம் ரத்தானது, முதல் தவணையும் அக்டோபரில் வங்கிக் கணக்குக்கு வந்துவிட்டது. திரும்பி வராதவை: நான் ஊரிலிருந்து வந்த பிறகும் வேலை தரப்படாத ஒரு மாதச் சம்பளம் 1,980 டாலர், கோடைச் சம்பளம் 3,960, தவணைத் திட்டக் கட்டணம் 45. கூட்டினால் 5,985 டாலர். தம்பியின் கடனுக்குப் போன வட்டி சுமார் 21,000 ரூபாய். ஆய்வில் ஒரு கோடைக் காலம் முழுவதும் மனம் ஒட்டாமல் கழிந்ததைக் கணக்கில் எப்படி எழுதுவதென்று தெரியவில்லை. கடன் அடைந்த பிறகுதான் அப்பாவிடம் சொன்னோம். "அன்னைக்கே சொல்லியிருந்தா நிலத்தை வித்திருப்பேனேம்மா" என்றார். அதற்குப் பயந்துதான் சொல்லவில்லை.

உங்கள் பல்கலைக்கழகத்தில் சங்கம் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள்; இருந்தால் ஒப்பந்தத்தைத் தரவிறக்கி விடுப்பு, கட்டண விலக்கு, முறையீடு ஆகிய மூன்று பிரிவுகளை மட்டுமாவது படித்து, முறையீட்டுக்கான கால வரம்பை நாட்குறிப்பில் எழுதிவையுங்கள். சங்கம் இல்லையென்றால் பட்ட மாணவர்களுக்கான கையேட்டில் விலக்கு எந்தச் சூழ்நிலையில் ரத்தாகும் என்ற பகுதியைத் தேடிப் படியுங்கள். வீட்டிலிருந்து அப்படி ஒரு அழைப்பு வந்து நீங்கள் கிளம்ப நேர்ந்தால், எந்தப் படிவத்திலும் கையொப்பமிடாமல், துறைக்கும் சங்கத்துக்கும் ஒரே மின்னஞ்சலில் இதை மட்டும் எழுதிவிட்டு விமானம் ஏறுங்கள்: "என் தந்தைக்கு அறுவை சிகிச்சை. கூட்டு ஒப்பந்தத்தின்படி இன்று முதல் விடுப்புக் கோருகிறேன். இந்தத் தேதியில் திரும்பி வந்து பணியைத் தொடர்வேன். நான் பணியிலிருந்து விலகவில்லை. படிவங்கள் எதுவானாலும் சங்கப் பிரதிநிதியிடம் காட்டிய பிறகே கையொப்பமிடுவேன்." என் கைப்பேசியில் இந்த ஐந்து வரிகளும் ஆங்கிலத்தில் எழுதிச் சேமிக்கப்பட்டிருக்கின்றன, தேதியை மட்டும் நிரப்ப வேண்டும்.